அடிக்கடி காணாமல் போகும் ஹார்ட் டிஸ்க்கோடு சில வருஷம்

2021-இல் வாங்கிய 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இது. சட்டைப்பையில் அடங்கும் 2.5 அங்குல ரகம். தனி அடாப்டர் கிடையாது, மின்சாரத்தையும் யூஎஸ்பி கேபிள் வழியாகவே எடுத்துக்கொள்ளும். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டில் இதற்கு வேலை அதிகம். பழைய விஎச்எஸ் கேசட்டுகளில் கிடந்த காவடி, கல்யாணம், விடிய விடிய ஆடிய தெருக்கூத்து (டர்பனில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றால்தான் பலருக்குப் புரியும்) எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றி இதில் போடுகிறேன். DV என்ற வீடியோ ஃபார்மட்டில் ஒரு மணி நேரப் படத்துக்கு 13 ஜிபி ஆகும். அதனால் காப்பி ஆக நேரம் பிடிக்கும்; இணைப்பு சொதப்பினால் உடனே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் ஆரம்பித்தது. காப்பி வேகம் திடீரென்று பூஜ்யத்தில் வந்து நிற்கும், விண்டோஸ் ஒரு சத்தம் கொடுக்கும், டிரைவ் காணாமல் போகும். சில நொடியில் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 157 என்ற எண்ணில் வரிசையாகப் பதிவுகள்: டிஸ்க் எதிர்பாராமல் கழற்றப்பட்டது என்று. கழற்றியவர் யாரும் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களில், கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, சந்தேகமான இடங்களைக் காட்டும் 197 இரண்டும் பூஜ்யம், ஆக உள்ளே சுழலும் தட்டில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை.

தொல்லை டிஸ்க் பக்கத்து வாயில் இருந்தது. மைக்ரோ-பி 3.0 என்கிற அந்த அகலமான தட்டை பிளக் இறுக்கமாகப் பிடிப்பதே இல்லை. மேசை விளிம்பில் கேபிள் தொங்கினால் அந்த எடையே ஒரு பக்கமாக இழுத்துவிடும். பிளக்கை இரண்டு விரலால் பிடித்தால் மேலும் கீழும் ஆடியது. குட்டையான புதுக் கேபிள் போட்டதும் முக்கால்வாசி தீர்ந்தது.

மீதி மின்சாரத்தில் இருந்தது. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லியாம்ப்தான் தரவேண்டும், 3.0 போர்ட் 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் இந்த ரக டிஸ்க்குகள் பல அதற்கும் மேலே கேட்கும். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் செருகினால் ‘டிக், டிக்’ என்று திணறும். பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் செருகினால் அந்தச் சத்தமே இல்லை. பவர் ஆப்ஷனில் யூஎஸ்பியைத் தூங்கவைக்கும் அமைப்பையும் அணைத்துவிட்டேன்.

இதற்கு எல்லோரும் சொல்வது, தனி மின்சாரம் உள்ள ஹப் (ஒரு யூஎஸ்பி போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) வாங்கு என்பது. மின்சாரம் போகாத ஊருக்கு அது சரி. 2023-இல் இங்கே லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) உச்சத்தில் இருந்தபோது, கரண்ட் போன அதே நொடி ஹப்பும் போகும், பாதி எழுதிய ஃபைலும் போகும். லேப்டாப்பில் நேராகச் செருகிய டிஸ்க்கோ பேட்டரியில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். தனி அடாப்டர் கேட்கும் 3.5 அங்குல டிஸ்க்கை நான் தொடாததற்கும் இதுதான் காரணம். ஹப் வேண்டுமென்றே இருந்தால், வைஃபை ரவுட்டருக்கு வைத்திருக்கும் குட்டி யூபிஎஸ்ஸில் மாட்டுங்கள். வோல்ட் பொருந்துகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறையை எக்ஸ்ஃபேட்டிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றியதும் பலன் தந்தது. எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, நடுவில் அறுந்தால் ஃபோல்டரே குழம்பும். ஒரே சங்கடம், அண்ணன் வீட்டு மேக்கில் இப்போது படிக்கத்தான் முடிகிறது, எழுத முடிவதில்லை.

உறையைப் பிரித்து வேறு பெட்டியில் மாட்டலாமே என்றும் அண்ணன் சொன்னார். சாட்டா வாய் (கணினிக்குள் டிஸ்க்கை மாட்டும் வழக்கமான இணைப்பு) உள்ள டிஸ்க் என்றால் செய்யலாம். இந்த ரகத்தில் பலவற்றில் யூஎஸ்பி வாய் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைத்திருக்கும். அந்த வாய் தளர்ந்தால் சால்டரிங் தெரிந்தவரைத்தான் தேடவேண்டும்.

இப்போது இது இரண்டாவது காப்பிக்கு மட்டும். அந்த வேலையைக் குறையில்லாமல் செய்கிறது. அடுத்தது வாங்கும்போது டைப்-சி வாய் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன், டெராபைட் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.