வயலின் பெட்டிக்குள் ஈரப்பதமானியும் சிலிக்கா ஜெல்லும்: கொழும்பில் ஒரு வருடத்துக்குத் தாக்குப்பிடிக்குமா?

"டீச்சர், பிரடை சுத்துதே இல்லை." ஒக்டோபர் மாதத்தில் கொழும்பில் வயலின் படிப்பிக்கிற எல்லாருக்கும் இந்த வசனம் பழக்கம். தந்தியைச் சுற்றி இறுக்கிச் சுருதி சேர்க்கும் மர முளைதான் பிரடை. விஜயதசமிக்கு ஏடு தொடக்கிய பிள்ளைகள் புது வாத்தியத்தோடு வரத் தொடங்கும் மாதமும் அதுதான், இடைப்பருவ மழை கொட்டும் மாதமும் அதுதான். வகுப்பின் முதற் கால்மணி சுருதி சேர்ப்பதிலேயே போய்விடும். வீட்டிலே நிலைமை இன்னும் மோசம். சுருதி சேராத வயலினைப் பிள்ளை இரண்டு நாள் எடுக்கும், மூன்றாம் நாள் பெட்டி திறபடாது. சாதகம் (வீட்டுப் பயிற்சி) நின்றுபோவதற்குச் சோம்பலைக் குற்றம் சொல்வோம். பாதிக் காரணம் காற்றில் இருக்கிற தண்ணீர்.

அதற்கென்று விற்கப்படும் இரண்டு சின்னப் பொருள்களைப் பற்றியது இந்த மதிப்பீடு: தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டிஜிட்டல் ஈரப்பதமானி, ஈரத்தை உறிஞ்சும், திரும்பத் திரும்பக் காயவைத்துப் பாவிக்கக்கூடிய சிலிக்கா ஜெல். இரண்டும் சேர்ந்தாலும் நல்ல இறக்குமதித் தந்தி ஒரு செட்டின் விலைக்குக் கீழேதான் நிற்கும்.

முதலில் மானி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்னணுச் சாமான் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். ஒன்லைனிலும் வாங்கலாம். கடையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பார்வைக்கு இதே மாதிரியான கறுப்புப் பெட்டி, ஒரு மீற்றர் வயரோடு, குளிர்சாதனப் பெட்டிக்கான வெப்பமானியாகவும் விற்கப்படுகிறது. அதில் பாகை மட்டுமே காட்டும். திரையில் இரண்டு எண் இருக்கிறதா, ஒன்றின் பக்கத்தில் சதவீதக் குறி இருக்கிறதா என்று பற்றரி போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். பெரும்பாலும் எல்ஆர்44 பொத்தான் பற்றரி இரண்டு போகும். எழுத்து மங்கத் தொடங்கினால் எண்ணை நம்பாமல் பற்றரியை மாற்றுங்கள்.

இந்த விலைக்குள் வருகிற மானிகள் ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ காட்டுவது சாதாரணம். வாங்கிய அன்றே சோதித்துவிடலாம். ஒரு போத்தல் மூடியில் இரண்டு தேக்கரண்டி கறியுப்பு, அதில் சில துளி தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். மூடியையும் மானியையும் சிப் வைத்த பொலித்தீன் பையில் பக்கம் பக்கமாக வைத்து, காற்றுப் போகாமல் மூடி, ஓர் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும். மானி 70 காட்டினால் இனி எப்போதும் ஐந்தைக் கூட்டி வாசியுங்கள். பின்பக்கத்தில் எழுதி ஒட்டிவிட்டால் மறக்காது. 65 காட்டுகிற மானியைத் திருப்பிக் கொடுங்கள்.

வயலினுக்கு நல்லது 40 முதல் 60 வரை. கொழும்பில் வீட்டுக் காற்று அந்த எல்லைக்குள் தானாக வருவது அபூர்வம். மழைக்காலக் காலை வேளையில் 85ஐயும் தாண்டும். ஈரத்தில் பலகை தன் நார்களுக்குக் குறுக்கே வீங்குகிறது. பிரடையும் அதன் துளையும் ஒன்றோடொன்று இறுகுவது அதனால்தான். மேற்பலகையையும் பக்கங்களையும் பிடித்து நிற்பது மிருகத் தோலிலிருந்து எடுத்த பசை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது இளகும், ஓரம் விடும். விட்ட ஓரத்தை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் செத்த சத்தம் தரும், சில சமயம் சலசலக்கும். வில்லின் மயிர் ஈரத்தில் நீளும். திருகை எவ்வளவு சுற்றினாலும் இறுகாது. பிள்ளை ரொசின் (வில் மயிரில் பூசும் பிசின்) போதவில்லை என்று நினைத்து இன்னும் பூசும், அது பிசுபிசுத்து இன்னும் கெடும்.

சரி, சிலிக்கா ஜெல். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் ஒரு கிராம், இரண்டு கிராம் பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போடுவது வீண் வேலை. அவை உங்கள் கைக்கு வருமுன்பே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். தேவையானது இரண்டு முதல் ஐந்து மில்லிமீற்றர் மணிகளாக எடைக்கு விற்கும் ஜெல். ஆய்வுகூட இரசாயனங்கள் விற்கும் இடங்களில் கேட்கலாம், கமராச் சாமான் கடைகளிலும் பார்க்கலாம். நிறம் மாறுவதில் இரண்டு வகை உண்டு. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுவதில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, அது நஞ்சு. பிள்ளைகள் புழங்கும் பெட்டிக்கு வேண்டாம். செம்மஞ்சளிலிருந்து பச்சையாக மாறுவதை எடுங்கள்.

எவ்வளவு போட வேண்டும் என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒரு முழு அளவு வயலின் பெட்டிக்குள் சுமார் 20 லீற்றர் காற்று. 30 பாகைச் சூட்டில் அந்தக் காற்று ஈரத்தால் முழுக்க நிறைந்திருந்தாலும் அதில் உள்ள தண்ணீர் ஒரு கிராம்கூட இல்லை, ஏறக்குறைய 0.6 கிராம்தான். அப்படியென்றால் பத்துக் கிராம் ஜெல் தாராளமாகப் போதுமே என்று தோன்றும். போதாது. தண்ணீர் இருப்பது காற்றில் அல்ல. வெல்வெட் துணியில், அதன் கீழுள்ள நுரையில், வயலின் துடைக்கிற துணியில், வயலினிலேயே. அதோடு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே புதுக் காற்று. ஆகவே 100 கிராம் என்பது நியாயமான அளவு. ஆனால் முதல் நாளே 100 போடாதீர்கள். வருடக்கணக்காக 75, 80இல் பழகிய பலகையை ஒரே இரவில் 35க்கு இழுத்தால் வெடிப்பு விழும். 50 கிராமில் தொடங்கி, ஒரு வாரம் மானியைப் பார்த்து, பிறகு மற்ற 50ஐச் சேருங்கள்.

முதற் சுற்றில் ஏமாற்றம்தான் கிடைக்கும். புதிதாகப் போட்ட ஜெல் சில நாளிலேயே பச்சையாகிவிடும், எண் பெரிதாக இறங்கியிருக்காது. பெட்டியின் துணியும் நுரையும் தாங்கள் பிடித்து வைத்திருந்ததை விட்டுக்கொண்டிருக்கின்றன. காயவைத்துத் திரும்பப் போட்டால் இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் நீண்ட நாள் நிற்கும். "போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை" என்று கைவிடுகிறவர்களில் அனேகர் இந்த முதற் சுற்றிலேயே கைவிட்டவர்கள்.

பை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியாக, ஓரம் இரட்டைத் தையலாக இருக்கட்டும். மணி ஒன்று வெளியே வந்து மேற்பலகையில் உருண்டால் வார்னிஷில் கீறல் விழும். பையை ரொசின் வைக்கும் சிறு அறைக்குள் வையுங்கள், மூடி முழுக்க இறுகாமல். மானியை எதிர்ப் பக்கத்தில், வில்கள் இருக்கும் மேல் மூடியில் ஒட்டுங்கள். பைக்குப் பக்கத்தில் வைத்தால் மானி எப்போதும் அழகான எண்ணையே காட்டும், வயலினோ ஈரத்தில் கிடக்கும்.

காயவைப்பதற்கு அவண் இருந்தால் நல்லது: தட்டில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்குப் பரப்பி, 110 முதல் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம். அதற்கு மேல் சூடேற்றினால் நிறம் காட்டும் தன்மை செத்துவிடும். தாச்சியில் வறுக்கலாமா என்றால், மெல்லிய நெருப்பில், கிளறிக்கொண்டே, முடியும். ஆனால் சூடு கைமீறும், மணிகள் படபடவென்று வெடிக்கும், அந்தத் தாச்சியைப் பிறகு சமையலுக்கு எடுக்கவும் கூடாது. வறுத்ததை மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு ஆறவிட்டுத்தான் பைக்குள் போட வேண்டும். திறந்த தட்டில் ஆறவிட்டால் ஆறும்போதே அடுக்களை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிறத்தை விடச் சமையல் தராசு நம்பகமானது. காய்ந்த 100 கிராம் 120ஐத் தொட்டால் மறுபடி அவணுக்கு நேரம் வந்துவிட்டது.

இனி வருடம் எப்படிப் போகிறது என்று பார்ப்போம், ஏனெனில் ஒரே பழக்கம் பன்னிரண்டு மாதத்துக்கும் பொருந்தாது.

ஒக்டோபர், நவம்பர் கடும் சோதனை. ஜெல்லை வாரம் ஒரு முறை தராசில் நிறுத்துப் பாருங்கள். பிரடை இறுகினால் குறடு பிடிக்க வேண்டாம். புது ஜெல்லோடு பெட்டியை ஒரு நாள் மூடி வைத்தால் அனேகமாகத் தானே இளகும். இளகியதும் ஒரு தந்தியை மட்டும் கழற்றி, பிரடை உராயும் இரண்டு இடத்திலும் பிரடைப் பசை (ஒட்டுவதற்கல்ல, பிரடை சீராகச் சுற்றுவதற்கான பூச்சு) பூசி, அந்தத் தந்தியைக் கட்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். நாலையும் ஒன்றாகத் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சரியும், வயலினுக்குள்ளே இரண்டு பலகைக்கும் இடையில் நிற்கும் ஒலித்தண்டும் விழும். அதைத் திரும்ப நிமிர்த்தி வைக்கத் தெரிந்த கைகள் கொழும்பில் அதிகமில்லை.

மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்கு வாத்தியம் கொண்டு போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த வயலினை வெளிக்காற்றில் உடனே திறந்தால் தந்தியிலும் வார்னிஷிலும் நீர் பூக்கும். பெட்டியை மூடியபடியே இருபது நிமிடம் விட்டுத் திறவுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் மானி இறங்கும், ஜெல்லைப் பாதியாக்கலாம். ஏசி அறையில் படிக்கிற பிள்ளைகளின் பிரடை இப்போது வழுக்கும், சுற்றும்போது உள்ளே அழுத்திச் சுற்றப் பழக்க வேண்டும்.

சித்திரைப் புத்தாண்டு விடுமுறைதான் எல்லாரும் மறக்கிற ஆபத்து. வீட்டைப் பூட்டிவிட்டு யாழ்ப்பாணம் போனால், இருட்டில் இரண்டு வாரம் மூடிக் கிடக்கும் பெட்டியில் வில் மயிரைத் தின்னும் பூச்சி குடியேறும், பூஞ்சணமும் வரும். போகுமுன் வில்லை நன்கு தளர்த்தி, மயிரையும் பெட்டியின் மூலைகளையும் உதறித் துடைத்து, புதிதாகக் காயவைத்த ஜெல் போட்டு, தந்திகளை அரைச் சுரம் மட்டும் இறக்கி வையுங்கள். கூடவே கொண்டு போகிறீர்கள் என்றால் வாகனத்தின் டிக்கியில் வேண்டாம். ஏ9 வீதி வெயிலில் அங்கே ஏறும் சூட்டுக்கு வயலினின் பலகைகளை ஒட்டியிருக்கும் பசை தாங்காது, ஜெல் அதற்கு ஒன்றும் செய்யாது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் மரைன் டிரைவுக்குக் கிட்ட இருக்கிற வீடுகளில் உப்பும் சேர்ந்து வரும். மெல்லிய தந்தி விரல் படும் இடத்தில் கறுத்து, பிறகு சொரசொரக்கும். கமகத்துக்கு வழுக்கட்டும் என்று விரலில் எண்ணெய் தொடுகிற பழக்கமுள்ளவர்கள் துடைப்பதில் இரட்டைக் கவனம் எடுக்க வேண்டும். எண்ணெய் வில் ஓடும் பகுதிக்கு ஏறினால் சத்தமே எழாது. எண்ணெய்ச் சிமிழைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள்.

மாதம் எதுவானாலும் வாசித்து முடித்த பின் இரண்டு நிமிட வேலை இருக்கிறது. வில்லின் திருகை மயிர் தளரும் மட்டும் பின்னுக்குச் சுற்றுவது, உலர்ந்த பருத்தித் துணியால் தந்தியையும் குதிரையடி ரொசின் தூளையும் துடைப்பது, அந்தத் துணியைப் பெட்டிக்குள் திணிக்காமல் கொடியில் போடுவது, மானியைப் பார்ப்பது, சிப்பைக் கடைசிவரை இழுப்பது. சிப் நாலு அங்குலம் திறந்து கிடந்தால் 100 கிராம் ஜெல் வீடு முழுவதையும் காயவைக்க முயன்று தோற்கும். பெட்டி நிலத்திலோ வெளிச்சுவரை ஒட்டியோ இருக்கக் கூடாது, அலுமாரியின் நடுத்தட்டு போதும். மானியின் பெரிய பிரயோசனம் இங்கேதான். அம்மா "பெட்டியை மூடினியா?" என்று கேட்பதை விட, சாதகக் கொப்பியின் ஓரத்தில் அன்றைய எண்ணைப் பிள்ளையே எழுதுவது நன்றாக வேலை செய்கிறது. எண் எழுத வேண்டுமென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும்; திறந்த கை அனேகமாக வில்லையும் எடுக்கும்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகப் பார்த்தால், அரிசிப் பொட்டலம் பலவீனமானது, வண்டு பிடிக்கும். பாச்சை உருண்டை ஈரத்தை எடுக்காது, வார்னிஷுக்கும் ஆகாது. அலுமாரியில் தொங்கவிடும் கல்சியம் குளோரைட் பை நன்றாக உறிஞ்சும், ஆனால் அடியில் உப்புநீராகச் சேரும். வாத்தியத்தின் மேலே அதைத் தொங்கவிடுவது தைரியசாலிகள் வேலை. அலுமாரிக்குள் பழைய இழை பல்ப் எரிப்பது சூட்டால் எண்ணைக் குறைக்கும், தீ அபாயமும் உண்டு, எல்ஈடி போட்டால் பலனும் இல்லை.

மிருதங்கத்துக்கு இந்த ஜெல்லை வாங்க வேண்டாம். தோலுக்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். உறைக்குள் ஜெல் வைத்தால் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) பூசிய கறுப்புக் கரணை வெடித்து உதிரும். வீணைக்கு மானி உதவும், பெட்டி பெரிதென்பதால் ஜெல் அரைக் கிலோ வரை தேவைப்படும். ஆனால் வீணையின் முதல் எதிரி சூடுதான்: மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகு இளகினால் அவை இறங்கும், அதற்கு மானியில் உள்ள மற்ற எண்ணைப் பாருங்கள். வகுப்பறையில் ஐந்தாறு வயலினை ஒன்றாக வைத்திருக்கும் ஆசிரியர்கள் பெட்டிக்குப் பெட்டி ஜெல் காயவைத்துக்கொண்டிருப்பதை விட, அறைக்கு ஓர் ஈரநீக்கி இயந்திரம் வாங்கலாம். ஜன்னலைப் பூட்டி ஓட்ட வேண்டும், தண்ணீர்த் தொட்டியைத் தினம் ஊற்ற வேண்டும், இரைச்சலுக்குச் சுருதி கேட்காது என்பதால் வகுப்பு முடிந்த பிறகே போட வேண்டும்.