பிஸ்டன் போச்சு என்று சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

போன மாதம் புல் வெட்டும் மெஷினுக்காக 4,850 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். மாற்றாத பிஸ்டனுக்கும் மாற்றாத காயிலுக்கும் (பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் சுருள்) சேர்த்துக் கொடுத்த பணம் அது. உண்மையான பழுது என்னவென்று கடைசியில் பார்த்தால், விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாயும், தபால்தலை அளவுக்கு ஒரு மெல்லிய தகடும், அடைத்துப்போன ஒரு பில்டரும்தான். மழைக்குப் புல் ஏறிக் கிடக்கிற இந்த நேரத்தில் நம் பக்கத்தில் எத்தனையோ பேர் இதே மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறுவீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தோப்பு ஆனைமலைப் பக்கம். தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், 45 நாளைக்கு ஒருமுறை காய் போட்டாக வேண்டும். ஆனி மழையில் புல் இடுப்பளவு வந்துவிட்டது. காய் போடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குள்ள எப்படிங்க எறங்குறது, பூச்சி பொட்டு கெடந்தா?" என்று திரும்பிப் போனார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. கண்ணாடி விரியன் நடமாடுகிற தோப்பு. விழுந்த காயைத் தேடி எடுக்கவும் முடியாது. இந்த அவசரம்தான் எனக்கு முதல் பலவீனம். கடைக்காரருக்கு நம் முகத்தைப் பார்த்தாலே அது தெரிந்துவிடுகிறது.

மெஷின் தோளில் மாட்டி வெட்டுகிற டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், 52 சிசி. வாங்கி மூன்று வருஷம். மாசி மாதம் கடைசியாக ஓட்டிவிட்டு, டேங்கில் பாதிப் பெட்ரோலோடு அப்படியே தோட்டத்துக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்தேன். ஆனியில் எடுத்துக் கயிற்றை இழுத்தால் கிளம்பவில்லை. சோக் போட்டு இழுத்தால் ஒருமுறை 'புர்' என்று சத்தம் வந்து நின்றது. அப்புறம் நாற்பது தடவை இழுத்தும் மூச்சுப் பேச்சில்லை. தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம்.

டவுனில் இந்த மாதிரி மெஷின்கள் விற்பதும் பழுது பார்ப்பதுமாக உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன் இரண்டு இழுப்பு இழுத்தான். கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்து பிளக்கைக்கூடக் கழற்றவில்லை. "பிஸ்டன் சீஸ் ஆயிடுச்சுங்ணா. செட்டோட மாத்தணும். காயிலும் வீக்கா இருக்குது" என்றார். சீஸ் என்றால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்வது. பிரித்துக் காட்டச் சொன்னேன். "முன்னாடி ஏழு மெஷின் நிக்குதுங்க, நாளைக்குப் போட்டோ அனுப்புறேன்" என்றார். மறுநாள் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கோடு கோடாக உரசித் தேய்ந்த ஒரு பிஸ்டன், பழைய செய்தித்தாள் மேல். அது என்னுடையதுதான் என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு அடையாளமும் இல்லை. இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டேன்.

பிஸ்டன் சிலிண்டர் செட் 2,400, காயில் 850, கார்ப்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு விடும் பாகம்) 900, கூலி 700. ஆக மொத்தம் 4,850. எல்லாம் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டில். கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதிகூட இல்லை. பழைய சாமான்களைக் கேட்டபோது "அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சுங்க" என்றார்.

மெஷின் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் காலையில் பழைய கதை. திரும்பக் கொண்டுபோனால், "நீங்க ஆயில் கலந்தது சரியில்லை" என்று என் மேலேயே பழியைப் போட்டு இன்னும் 1,200 ரூபாய் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். டிவிஎஸ் ஃபிஃப்டி காலத்து ஆள், டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துப் போடுவார். அவரிடம் முதலிலேயே போகாமல் விட்டதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. அவர் முதலில் கயிற்றை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பாதியில் கை தடுக்கியது, அந்தத் தடையைத் தாண்டி மறுபடி இழுபட்டது. "சீஸ் ஆன என்ஜினுக்குக் கயிறே வராதுங்க தம்பி. இது நல்லாப் புடிச்சு வுடுது, கம்ப்ரஷன் இருக்குது" என்றார். உள்ளே பிஸ்டன் காற்றை நன்றாக அழுத்துகிறது என்று அர்த்தம். கடைப் பையன் என் கண் முன்னால்தான் இரண்டு இழுப்பு இழுத்தான். அப்போதும் கயிறு வந்தது. எனக்குத்தான் அதன் அர்த்தம் தெரியவில்லை.

அப்புறம் சைலென்சரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றினார். டூ ஸ்ட்ரோக்கில் அதை எடுத்துவிட்டால் புகை வெளியேறும் துவாரம் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு நேராகத் தெரியும். டார்ச் அடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். பிஸ்டனில் ஒரு கீறல் கிடையாது. ஆனால் துவாரத்தின் விளிம்பைச் சுற்றிக் கரி தார் மாதிரி கெட்டியாகப் படிந்திருந்தது. "ரெண்டு நாள் ஓடுன புது சிலிண்டருக்கு இவ்வளவு கரி எங்கிருந்து வரும்?" என்று கேட்டார்.

காயிலைப் பார்க்க மேல் மூடியைத் திறந்தார். காயில் இரண்டு ஸ்க்ரூவில் நிற்கும். அந்த இரண்டு தலையும் தெரியவே இல்லை. எண்ணெயும் புல்தூளும் சேர்ந்து கறுப்பாக அடை தட்டியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டினார், பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே உலர்ந்த புல் துணுக்கு அப்படியே ஒட்டியிருந்தது. மூன்று வருஷத்து அழுக்கைக் கலைக்காமல் யாரும் அந்த ஸ்க்ரூவைத் திருப்பியிருக்க முடியாது. 850 ரூபாய்க்கு மாற்றியதாகச் சொன்ன காயில் அதுதான். எனக்கு அங்கேயே உடம்பு சூடாகிவிட்டது. அவர்தான், "இருங்க, முதல்ல பழுதைப் பாப்போம்" என்று உட்கார வைத்தார். அந்த ஸ்க்ரூக்களைச் சுரண்டும்போது போனில் எடுத்த வீடியோ பிறகு உதவியது.

பழுது இருந்தது பெட்ரோல் வரும் வழியில். கார்ப்பரேட்டரும் பழையதேதான், வெளியே மட்டும் துடைத்திருந்தார்கள். உள்ளே டயாபிரம் என்று மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அது வளைந்து வளைந்துதான் பெட்ரோலை உறிஞ்சி ஊட்டும். என் மெஷினில் அது பொரிக்காத அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. டேங்குக்குள் குழாய் முனையில் தொங்கும் சின்ன பில்டர் பிசினாக அடைத்திருந்தது. குழாயை மடக்கிப் பார்த்தால் மயிரிழை வெடிப்பு. அந்த வெடிப்பு வழியே காற்றை இழுத்தால் பெட்ரோல் எப்படி ஏறும்? கடையில் செய்ததெல்லாம் பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றிப் பிளக்கைத் துடைத்ததுதான் என்றார் அண்ணன். அதில் இரண்டு நாள் ஓடியிருக்கிறது. சாமான் 320, கூலி 200, மொத்தம் 520 ரூபாயில் வேலை முடிந்தது. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. இன்று வரை ஓடுகிறது.

பழைய பெட்ரோல் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்றும் கேட்டுக்கொண்டேன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். தினமும் ஓடுகிற பைக்கில் அது தெரியாது. மாதக்கணக்கில் மூலையில் நிற்கிற மெஷினில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கும், மிச்சம் பிசினாகிக் கார்ப்பரேட்டரை அடைக்கும், ரப்பரும் கெடும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட்டி வைக்கச் சொன்னார்.

கடைக்குத் தூக்குவதற்கு முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியதை அவர் செய்து காட்டினார். ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதிக் கேஸ் அதுதானாம். பழைய பெட்ரோலை மாற்றுங்கள். கார்ப்பரேட்டர் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழை அழுத்தினால் பெட்ரோல் ஏற வேண்டும். காற்றுக்குமிழியாகவே வந்தால் குழாயிலோ பில்டரிலோ கோளாறு. அப்புறம் சோக் போட்டு எட்டுப் பத்து இழுப்பு இழுத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஒன்று அளவுக்கு மீறி நிரம்பியிருக்கும், இல்லையென்றால் கரண்ட் வரவில்லை. கரண்ட் பார்க்க, சிந்திய பெட்ரோலைத் துடைத்து, ஆவி போக விட்டு, மெஷினைத் தள்ளி வைத்துக்கொண்டு, பிளக்கைத் தொப்பியில் மாட்டி அதன் உலோகம் என்ஜினில் படும்படி பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டும். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் மட்டும் பிடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாகப் பொறி அடித்தால் காயிலுக்குப் பணம் கேட்கிறவரை நம்பாதீர்கள். பிளேடைத் தொடுவதாக இருந்தால் பிளக் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கோவையில் வீட்டு முன்னால் புல்தரை வைத்திருக்கும் என் மைத்துனருக்கும் இதே மாதிரிதான் நடந்தது. அவருடையது தள்ளிக்கொண்டு போகிற மெஷின். பிளேடு கல்லில் மோதி நின்றது, பிறகு கிளம்பவில்லை. "கிராங்க் வளைஞ்சுபோச்சு, புது மெஷினே வாங்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டார்கள். கிராங்க் என்பது என்ஜின் சுழற்றும் தண்டு, அது உண்மையிலேயே வளைவதும் உண்டு. ஆனால் ஃபிளைவீல் என்ற சுழல் சக்கரத்தைக் கிராங்கோடு பூட்டி வைத்திருக்கும் சாவி என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. மோதும்போது அது நறுக்கென்று வெட்டுப்பட்டால் பொறி அடிக்கிற நேரம் தவறிவிடும், மெஷின் கிளம்பாது. அதை ஒருமுறை பார்க்கச் சொல்லாமல் புது மெஷினுக்குப் போகாதீர்கள். மைத்துனர் அதைப் பார்க்கச் சொல்லாமலே புது மெஷின் வாங்கிவிட்டார்.

எல்லாக் கடையும் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆயில் கலக்காமல் வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டன் நிஜமாகவே பிடித்துக்கொள்ளும். பெட்ரோலுக்கும் ஆயிலுக்குமான அளவு 25:1 என்று மெஷினில் போட்டிருந்தால் லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்). ஆனால் பிஸ்டன் போனதாகச் சொல்பவர் சைலென்சரைக் கழற்றிக் காட்ட ஐந்து நிமிடம் போதும். பழைய சாமானைக் கையில் தரச் சொல்லுங்கள், முறையான பில் கேளுங்கள். இதை மெஷினை ஒப்படைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பணம் கொடுத்த பிறகு கேட்டு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீடியோவோடு அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். முதலில் "பையன் தெரியாம பண்ணிட்டான்" என்றார். நான் குரலை உயர்த்தவில்லை, பில் மட்டும் கேட்டேன். அரை மணி நேரம் கழித்து 2,000 ரூபாயை எடுத்து வைத்தார். வாங்கிக்கொண்டேன், மீதிக்காக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, நடந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுத்தால் போதும்.

என் பணம் வரும், வராமலும் போகும். மனசை அறுப்பது வேறொன்று. நான் முதல் நாள் மெஷினைக் கொடுத்தபோது பக்கத்தில் ஒரு அம்மா நின்றிருந்தார். அவர் மகன் கூலிக்குப் புல் வெட்டுகிறவன், அந்த மெஷின்தான் அவர்களுக்குச் சோறு. அவருக்கும் அதே வார்த்தைதான்: பிஸ்டன் போச்சு, காயில் வீக். "கம்மல வெச்சாத்தாங்க முடியும்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். கோட்டூர்ப் பக்கம் என்று சொன்னதாக ஞாபகம். டேங்க் மூடியில் சிவப்புத் துணி சுற்றிய மஞ்சள் மெஷின். அவர்களைத் தெரிந்தவர்கள் இருந்தால், சைலென்சரைக் கழற்றிப் பார்க்கும் வரை பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கொடுத்துவிட்டார்கள் என்றால் மெஷினை எங்கள் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அண்ணனிடம் பேசிவிட்டேன், அவர் கூலி வாங்க மாட்டார்.