பாட்டியின் ஏழுகல் தோடும் சுங்கை சிப்புட் ஆசாரியின் பட்டறையும்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில், பசாருக்குப் (சந்தைக்குப்) பின்புறமுள்ள பழைய கடைவரிசையில், ஒரு தையற்கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே பொற்கொல்லர் ஒருவரின் பட்டறை இருக்கிறது. உள்ளே ஒரு மரப்பலகை, ஊதுகுழல், கம்பி இழுக்கும் துளைத்தகடு, எலுமிச்சம்பழ அளவில் ஓர் அரக்கு உருண்டை, உரைகல், சிறிய மின்தராசு ஆகியவை மட்டுமே கண்ணில் படும். புதிய நகை வாங்க நினைப்பவர்களுக்கு இந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கல்நகை பெட்டியில் பழுதாகிக் கிடக்கிறது, உருக்கவும் மனம் வரவில்லை என்பவர்கள் கட்டாயம் ஒருமுறை போய்வர வேண்டும்.

நான் கொண்டுபோனது என் பாட்டியின் ஏழுகல் தோடு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து, சீட்டுக் கட்டி, பாட்டி செய்துகொண்ட ஒரே கல்நகை அதுதான். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு எனச் சிவப்புக் கற்கள் பதித்தது. ஒரு தோட்டில் ஒரு கல் விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு கற்கள் ஒளியிழந்து மண்நிறமாகிவிட்டன. முதலில் வேறோர் ஊரிலுள்ள பெரிய நகைக்கடை ஒன்றுக்குத்தான் எடுத்துச் சென்றேன். அங்கே தோட்டைத் தராசில் போட்டார்கள். கல்லுக்கும் அரக்குக்குமாக எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குத்துமதிப்பாகக் கழித்தார்கள். உருக்கிவிட்டுப் புதிய 916 (22 காரட் தங்க) தோடு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மூன்றில் ஒரு பங்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு ஒழுங்கான பதில் கிடைக்கவில்லை. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

ஆசாரி ஐயா தோட்டைக் கையில் வாங்கியதும் திருப்பி, முதுகுப் பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நல்ல வேலையம்மா இது. அரக்குதான் பொடிந்துபோய்விட்டது, தங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார்.

கல் ஏன் மங்கியது என்பதையும் அவரே திறந்து காட்டினார். இக்காலத்து வைர மோதிரங்களில் கல்லைச் சிறு கொக்கிகள் பிடித்திருக்கும். பின்புறம் திறந்திருப்பதால் ஒளி எல்லாப் பக்கமும் புகுந்து வெளிவரும். நம் பழைய கல்நகைகளின் முறை வேறு. தங்கத் தகட்டால் செய்த கிண்ணம் போன்ற கூட்டுக்குள் அரக்கை நிரப்பி, அதன்மேல் கண்ணாடிபோல் பளபளக்கும் மெல்லிய உலோகத் தாளான ரேக்கை விரித்து, அதன்மேல் கல்லை அமர்த்தி, விளிம்புத் தங்கத்தைக் கல்லின்மேல் அழுத்திவிடுவார்கள். கல்லுக்குள் புகும் ஒளி அடியிலுள்ள ரேக்கில் பட்டுத் திரும்புவதால்தான் அந்தச் சிவப்பு விளக்குப்போல் தெரிகிறது. தோட்டோடு குளித்து, சவர்க்காரத் தண்ணீர் விளிம்பின் இடுக்கு வழியாக இறங்கினால் ரேக்கு கருத்துவிடும். கல் செத்துவிட்டது என்று நாம் நினைப்போம். உண்மையில் கல்லுக்கு ஒரு குறையும் இராது. ஆசாரி ஐயா ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, வெள்ளைத் தாளின்மேல் வைத்தபோது அது மாதுளை முத்தாகச் சிவந்திருந்ததை நான் பார்த்தேன்.

எடை விஷயத்திலும் அவர் குத்துமதிப்பாக எதையும் சொல்லவில்லை. தங்கக் கூடு, கற்கள், பழைய அரக்கு மூன்றையும் என் கண்முன்னே தனித்தனியாக நிறுத்து எழுதினார். கழிவு, முன்பு சொன்னதைவிட மிகக் குறைவு. இந்த ஒழுங்கு நமக்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த நகைகளைப் பதிவுசெய்த கல்வெட்டுகள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற எடை அளவுகளில் கணக்கிட்டு, முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பட்டி எனப் பிரித்து எண்ணி, அரக்கும் எடையில் சேர்ந்திருப்பதை மறைக்காமல் குறிக்கின்றன. இறைவனுக்குக் கொடுத்த நகைக்கே அவ்வளவு கணக்கு என்றால், கூலிக்காரியின் தோட்டுக்கு அது ஏன் கூடாது?

தோட்டின் விளிம்பில் கடுகைவிடச் சிறிய தங்க மணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவற்றுள் நான்கு உதிர்ந்திருந்தன. தங்கத் துணுக்குகளைக் கரித்தூளில் புதைத்துச் சூடேற்றினால், உருகும்போது அவை தாமாகவே உருண்டைகளாகத் திரளும். உருண்டையாக்குவது எளிது; வழிந்தோடாமல் ஒட்டுவதுதான் வித்தை. உருக்கி ஒட்டப் பயன்படும் உலோகமான பற்றாசு சற்றே மிகுந்தாலும் மணிகளின் இடைவெளி நிரம்பி, வரிசை வெறும் திட்டாகிவிடும். இத்தாலியில் கி.மு. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எட்ரஸ்கர்கள் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த மணிகளைப் பற்றாசின் சுவடே தெரியாமல் ஒட்டியிருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் ரோம் நகரின் கஸ்தெல்லானி குடும்பத்து நகைக் கலைஞர்கள் பல ஆண்டுகள் முயன்றும் அந்த நுட்பத்தை எட்ட முடியவில்லை. 1930களில்தான் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர், செம்பு உப்பையும் பசையையும் கலந்து ஒட்டிச் சூடேற்றினால், பசை கரியாகி, செம்பு பிரிந்து, தொடும் இடத்தில் மட்டும் தங்கத்தோடு கலந்து இணையும் என்று காட்டினார். நம் ஆசாரி ஐயா வெங்காரமும் அரத்தூள்போல் ராவிய பற்றாசும்தான் பயன்படுத்துகிறார். நான்கு மணிகளை ஒட்ட ஒரு முழுக் காலை வேளை ஆனது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். புதிய மணிகள் எவை என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதே பலகையில் ஒரு கெரோசாங்கும் பழுதுக்கு வந்திருந்தது. பொத்தான் இல்லாத கெபாயா என்ற மேல்சட்டையை முன்புறம் இணைக்க நியோன்யா (பெரானாக்கான் சீனப்) பெண்கள் அணியும் மூன்று ஊக்குகளின் தொகுதி அது. பெரியதை ஈபு என்றும், சிறிய இரண்டையும் ஆனாக் என்றும் சொல்வார்கள், தாயும் பிள்ளைகளுமாக. அதில் பதித்திருந்த இந்தான் எனப்படும் வைரக் கற்கள் அடி தட்டையாகவும் மேல் குவிந்தும் பட்டை தீட்டப்பட்டவை. இன்றைய வைரம்போல் கண்ணைக் கூசச் செய்யாமல், மெதுவாக மினுங்கின. தோட்டத்துத் தோட்டையும் நியோன்யா வீட்டுக் கெரோசாங்கையும் ஒரே கை பழுதுபார்ப்பதை இந்தச் சிறு பட்டணத்தில் காண முடிந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்றவர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். தொலைபேசியை எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். அட்டையில் பணம் செலுத்த வழியில்லை. உப்பா (செய்கூலி) 180 ரிங்கிட். விழுந்த கல்லுக்குப் பதில் வைத்த கல்லுக்குத் தனியாக 25 ரிங்கிட். புதிய கல் மற்றவற்றைவிட ஒரு சாயல் வெளுப்பு என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லி, சம்மதமா என்று கேட்ட பிறகே பதித்தார்.

தோட்டை வாங்கப் போன அன்று, இனிமேல் குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். புரி தேய்ந்த திருகாணிக்குப் பதிலாகப் புதியது செய்து போட்டிருந்தார். பழைய திருகாணியைச் சிவப்புத் தாளில் மடித்து, அதன் எடையை மேலே எழுதி, என் கையில் திருப்பிக் கொடுத்தார்.