ஹெட் கேஸ்கட் போன பழைய வண்டி: சீலன்ட் ஊற்றலாமா, எஞ்சினை மாற்றலாமா, ஹெட்டை இறக்கலாமா?

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் என் வண்டி ஒரு நிமிடம் நொண்டும். நான்கு சிலிண்டரில் ஒன்று அடிக்காததுபோல் குலுங்கும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், டப்பாவில் வாரத்துக்கு ஒரு டம்ளர் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. வண்டியை நிறுத்திய பிறகும் கூலிங் சிஸ்டத்துக்குள் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த அழுத்தத்தில் கூலன்ட் மெல்ல ஒரு சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் ஸ்பார்க் பிளக்கை நனைத்திருக்கிறது.

சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம் பிளாக், அதன்மேல் மூடிபோல் உட்காரும் பாகம் ஹெட், இரண்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அது போய்விட்டது என்று உறுதியானதும் மூன்று வழிகள் முன்னால் நின்றன. ரேடியேட்டரில் சீலன்ட் ஊற்றி ஓட்டலாம். பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து மாற்றலாம். அல்லது ஹெட்டை இறக்கி, கேஸ்கட் மாற்றி, முறையாக ஏற்றலாம். நான் மூன்றாவதைச் செய்தேன். மறுபடி இதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆகவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் போனது கேஸ்கட்தானா என்று தெரிய வேண்டும். ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகப் பால் ஆடை மாதிரி படிந்திருந்தால் உடனே கேஸ்கட் என்று சொல்லிவிடுகிறார்கள். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், எஞ்சின் முழுதாகச் சூடாகாததால், காற்றின் ஈரமே அங்கே அப்படிப் படியும். ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலும் பால் போலிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் ஆயில் கூலர் உடைந்திருக்கவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் ஹெட் பக்கம் போக வேண்டும். குளிர்ந்த காலையில் சைலன்ஸரில் வரும் வெள்ளை ஆவியும் இப்படித்தான். எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பான வாடையோடு வந்தால் அது கூலன்ட்.

ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்டை எல்லோரும் முதலில் சொல்வார்கள். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைவாகக் காட்டினால், நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் என் வண்டியில் நான்கும் 12 பாரை (பார் என்பது அழுத்தத்தின் அளவு) ஒட்டியே நின்றன. கசிவு அவ்வளவு சின்னது. உண்மையைக் காட்டிக்கொடுத்தது வேறொரு சோதனை. ராத்திரி எஞ்சின் ஆறிய பிறகு, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி 1 பார் அழுத்தம் ஏற்றி அப்படியே விட்டேன். காலையில் மீட்டர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நான்கு பிளக்கையும் கழற்றினேன். மூன்று பிளக்கின் முனை பழுப்பு நிறம். மூன்றாவது சிலிண்டருடையது மட்டும் தேய்த்துக் கழுவியதுபோல் வெளுத்திருந்தது. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டபோது அந்த ஓட்டையிலிருந்து பச்சை நிறக் கூலன்ட் சாரலாக அடித்தது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. எரிந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவ சோதனையும் செய்தேன். பெட்ரோல் எஞ்சினில் வாயு கூலன்ட்டுக்குள் புகுந்தால் நீலம் மஞ்சளாக மாறும். என்னுடையது இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகுதான் மாறியது. குளிர்ந்த எஞ்சினில் செய்து, நிறம் மாறவில்லை என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

சரி, சீலன்ட்டுக்கு வருவோம். இவற்றில் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். சூடான கசிவு வாயில் அது கண்ணாடி போல் இறுகி அடைக்கும். அடைக்காது என்று நான் சொல்லவில்லை. என் வண்டியில் இருந்ததுபோல் சின்னக் கசிவு என்றால் சில மாதம் தாங்கலாம். எங்கள் மாமா வண்டியில் ஐந்து மாதம் தாங்கியது. அப்புறம் ஹீட்டரில் குளிர்ந்த காற்று மட்டும் வந்தது. ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் மேலே கொதிப்பு, கீழே ஒரு மூலை சில்லென்று. ஓட்டையை அடைத்த மருந்து மெல்லிய குழாய்களையும் அடைத்திருந்தது. நான் கூட இருந்து பார்த்தது அந்த ஒரு வண்டிதான், அதை வைத்து எல்லாப் பொருளையும் எடைபோட மாட்டேன். ஆனால் கணக்கு எனக்கு உதைக்கிறது. கூலிங் சிஸ்டத்தில் இருக்கும் அழுத்தம் சுமார் 1 பார். முழு வேகத்தில் பெட்ரோல் எஞ்சின் சிலிண்டருக்குள் எரியும்போது எழும் அழுத்தம் 50 பாரைத் தாண்டும். இந்தப் பக்கமிருந்து போய் ஒட்டிய ஒரு மெல்லிய படலம் அந்தப் பக்க அடியை எத்தனை லட்சம் முறை தாங்கும்? ஆறு மாதத்தில் காயலான் கடைக்குப் போகப்போகும் வண்டி என்றால் ஊற்றிக்கொள்ளுங்கள். இன்னும் சில வருடம் வைத்திருக்க நினைக்கும் வண்டிக்கு வேண்டாம். விற்கும்போதும் அந்தப் படிவு டப்பா மூடியிலேயே தெரியும். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் நடையைக் கட்டிவிடுவார்.

எஞ்சின் மாற்றுவது பற்றி எனக்கு நேரடி அனுபவம் இல்லை, பக்கத்தில் நின்று பார்த்ததுதான். கொதித்து நின்ற பிறகும் ஓட்டி, பிஸ்டன் சிலிண்டரைக் கீறியிருந்தால், அல்லது கூலன்ட் ஆயிலில் கலந்த நிலையிலேயே நெடுநாள் ஓடி பேரிங் தேய்ந்திருந்தால், அதுதான் வழி. வேலையும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். எனக்கு இருந்த தயக்கம் ஒன்றுதான். வரப்போகும் எஞ்சினின் ஹெட் கேஸ்கட்டுக்கும் அதே வயது. அது எத்தனை முறை கொதித்தது என்று யாருக்குத் தெரியும்? நன்றாக யோசித்துச் செய்கிறவர்கள், ஏற்றும் முன் அதிலும் கேஸ்கட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், சீல் எல்லாம் மாற்றுவார்கள். அப்படி மாற்றுவதென்றால் ஹெட் இறக்கும் வேலை எப்படியும் வந்துவிடுகிறதே, அதை என் எஞ்சினிலேயே செய்துகொள்ளலாமே என்று தோன்றியது. பதிவுப் பத்திரத்தில் எஞ்சின் எண் மாற்றும் வேலை வேறு.

இனி நான் செய்தது. இதில் எல்லாமே ஒரு விஷயத்தில் போய் நிற்கிறது: ஹெட் மட்டமாக இருக்கிறதா? கேஸ்கட் மாற்றி மூன்று மாதத்தில் மறுபடி போய்விட்டது என்று புலம்புகிறவர்களிடம், ஹெட்டை அளந்தீர்களா என்று கேட்டால் பதில் வராது.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 400 மி.மீ. நீளமுள்ள ஹெட் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.9 மி.மீ. நீளும், அடியில் உள்ள பிளாக் அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் இந்த இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட் தேய்படுகிறது. சாதாரணச் சூட்டில் அது தாங்கும்படிதான் செய்திருக்கிறார்கள். ஒருமுறை வண்டி கொதித்துவிட்டால் நிலைமை மாறுகிறது. விரிய முயலும் ஹெட்டை போல்ட்டுகள் அசையவிடாமல் பிடித்திருப்பதால் அது நடுவில் வளைகிறது. ஆறிய பிறகு முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

அதனால் கழற்றும்போதே கவனம் வேண்டும். எஞ்சின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஏற்றும்போது நேரெதிர், நடுவிலிருந்து ஓரத்துக்கு.

ஹெட்டை மேஜையில் குப்புறக் கிடத்தி, பழைய கேஸ்கட் ஒட்டலை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் எடுத்தேன். சுழலும் உப்புத்தாள் வட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்று பக்கத்தில் ஒருவர் நீட்டினார், வாங்கவில்லை. அலுமினியம் மிருதுவானது. ஓர் இடத்தில் இரண்டு விநாடி அதிகம் அழுத்தினாலும் பள்ளம் விழும். வட்டிலிருந்து உதிரும் பொடி ஆயில் வழியே போய் பேரிங்கைத் தின்னும். சுத்தமான பிறகு துல்லியமாக நேராக இருக்கும் எஃகுப் பட்டையான ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கில் மூன்று இடத்திலும், குறுக்கே சிலிண்டருக்குச் சிலிண்டரும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை, அதாவது கனம் குறித்த மெல்லிய அளவுத் தகடுகளை, நுழைத்துப் பார்த்தேன். என் எஞ்சின் மேனுவல் தரும் வரம்பு 0.05 மி.மீ. அந்தக் கனமுள்ள தகடு ஓரங்களில் நுழையவே இல்லை. இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே 0.10 தகடு எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. தலைமுடி ஒன்றின் கனம்தான் அது. வெறும் கண்ணுக்கு அந்த ஹெட் கண்ணாடி போல் மட்டமாகத்தான் தெரிந்தது. இந்த நிலையில் புதுக் கேஸ்கட் மட்டும் வைத்து இறுக்கியிருந்தால், அதே இடத்தில் மறுபடி கசிந்திருக்கும்.

ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனபோது ஃபேஸிங் செய்துகொடுங்கள், அதாவது முகத்தை இழைத்து மட்டமாக்குங்கள் என்றுதான் கேட்டேன். அங்கிருந்த பெரியவர், "தம்பி, ஃபேஸிங் கடைசி வேலை. முதல்ல கிராக் இருக்கான்னு பாப்போம். விரிசல் விட்ட ஹெட்டை இழைச்சு என்ன பிரயோஜனம்?" என்றார். கூலன்ட் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, காற்றை ஏற்றி, தண்ணீரில் முக்கிப் பார்த்தார். குமிழி வரவில்லை. அதற்குப் பிறகுதான் 0.15 மி.மீ. இழைத்தார். எவ்வளவு வேண்டுமானாலும் இழைக்க முடியாது. ஹெட்டின் குறைந்தபட்ச உயரம் என்று மேனுவலில் ஓர் எண் இருக்கும். அதற்குக் கீழே போனால் கம்ப்ரெஷன் ஏறி, வால்வு பிஸ்டனுக்கு நெருக்கமாக வந்துவிடும். முன்பே இரண்டு முறை இழைத்த ஹெட்டாக இருக்கலாம் என்பதால், பழைய வண்டியில் இதை அளக்காமல் விடக் கூடாது.

பிளாக்கின் முகத்தையும் அளந்தேன். பலர் விட்டுவிடும் இடம் இது. 0.03 மி.மீ. காட்டியது, தப்பித்தேன். கேஸ்கட் வகையைத் தேர்ந்தெடுக்கவும் இந்த முகம்தான் உதவியது. பல அடுக்கு எஃகுக் கேஸ்கட் உறுதியானது, ஆனால் இரண்டு பக்கமும் மிக வழவழப்பான முகம் கேட்கும். பிளாக்கை நான் இழைக்கப்போவதில்லை. அந்தப் பழைய, சற்றுச் சொரசொரப்பான முகத்தில் கம்பெனியே முதலில் வைத்த கலவைக் கேஸ்கட்தான் ஒழுங்காகப் படியும். ஆகவே அதையே வாங்கினேன்.

போல்ட் புதிது. இந்த எஞ்சினில் இறுக்கும்போது போல்ட் கொஞ்சம் நீளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். முதலில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் குறித்த அளவுக்கு, அப்புறம் 90 டிகிரி கோணத்துக்கு. ஒருமுறை நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி தராது. பிளாக்கில் போல்ட் இறங்கும் ஓட்டைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் முழுதாக உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அடி மூடிய ஓட்டையில் திரவம் இருக்கும்போது போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே விரிசல் விடலாம்.

கேஸ்கட் எதனால் போனது என்பதற்கு என் வண்டியில் பதில் ரேடியேட்டர். உள்ளே பாதிக் குழாய் அடைந்திருந்தது. வேறு வண்டியில் தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம், ஃபேன் ஸ்விட்ச்சாக இருக்கலாம், அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடியாகவும் இருக்கலாம். நான் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி மூன்றையும் மாற்றினேன். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் கைக்கு எட்டும் இடத்தில் திறந்து கிடந்ததால் அவற்றையும் சேர்த்தே மாற்றினேன். ஹெட் இறக்குவதில் இது பெரிய ஆதாயம்: ஒரே கூலியில் வேறு சில வேலைகளும் முடிகின்றன.

மெனக்கெடல் அதிகம் என்பதை மறுக்க மாட்டேன். லேத் பட்டறைக்குக் காத்திருந்ததையும் சேர்த்து எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஆனால் இறக்கி அளந்துவிட்டால் மற்ற முடிவுகளும் தெளிவாகின்றன. விரிசல் இருந்திருந்தாலோ, உயரம் குறைந்திருந்தாலோ, சிலிண்டர் கீறியிருந்தாலோ, அந்த நிமிடமே வேறு எஞ்சின் தேடப் போயிருப்பேன். சீலன்ட் ஊற்றினால் இது எதுவுமே தெரியவராது.

டீசல் வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் இறக்கியது பெட்ரோல் எஞ்சின். பல டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ற கனத்தில் கேஸ்கட் வாங்க வேண்டும். கனத்தைக் காட்ட ஓரத்தில் வெட்டோ ஓட்டையோ இருக்கும். ஹெட்டை இழைக்கவே கூடாது என்று சொல்லும் மேனுவல்களும் உண்டு.

ஏற்றி முடித்ததும் ஹீட்டரைத் திறந்து வைத்து, காற்று முழுதும் வெளியேறும்வரை கூலன்ட் ஊற்றினேன். டப்பாவில் மட்டம் நின்ற இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். முதல் வாரம் அரை விரல் இறங்கியது, மிச்சமிருந்த காற்று. நிரப்பிவிட்டேன். அதற்குப் பிறகு கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை மறுபடி வடித்தேன். கறுப்பாக, சுத்தமாக வந்தது, வெள்ளை இல்லை. காலையில் வண்டி முதல் ஸ்டார்ட்டிலேயே நான்கு சிலிண்டரும் அடித்து ஓடுகிறது.