தட்டாதீர்கள்

சாவிக்கொத்தால் மூன்று தட்டு. டொக், டொக், டொக். கண்ணாடிக்குப் பின்னால் சுருண்டு கிடந்த நல்ல பாம்பு தலையைத் தூக்கியது. நான்காவது தட்டுக்குப் படம் எடுத்தது. ஐந்தாவதுக்கு நேராகக் கண்ணாடியிலேயே வந்து முட்டியது. முட்டிய இடத்தில் ஈரமாக ஒரு சின்னத் திட்டு.

"பாத்தீங்களா சார்? நம்ம தட்டினாத்தான் எந்திரிக்கும்" என்றார் காவலாளி. பெற்ற பிள்ளை ஆண்டு விழா மேடையில் பாடி முடித்ததைப் போல ஒரு பெருமை.

எந்த ஊர் மிருகக்காட்சிச் சாலை என்று சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டுக்குள்ளா வெளியிலா என்றுகூடச் சொல்ல மாட்டேன். ஐந்து வாரப் பயணத்தில் வங்கி வேலை, அம்மாவின் கண் அறுவை, பத்திரப் பதிவு என்று நான் பயந்துகொண்டே போன எல்லாமே ஒழுங்காக முடிந்தன. முடிந்ததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? அந்தச் சாவிக்கொத்துதான் இன்னும் காதில் தட்டிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் என் மகள், பதினொரு வயது. சிட்னியில் பிறந்தவள். மற்ற பிள்ளைகளுக்கு நாய்க்குட்டி, பூனைக்குட்டி, இவளுக்குப் பாம்பு. வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சோமர்ஸ்பியில் ஆஸ்திரேலிய ஊர்வனப் பூங்கா. அங்கே எத்தனை முறை போயிருப்போம் என்ற கணக்கு அவளிடம்தான் இருக்கிறது. டைப்பான், புலிப்பாம்பு, பழுப்புப் பாம்பு எல்லாம் அங்கே கண்காட்சிக்கு மட்டும் இல்லை. அந்த நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு நிலத்துப் பாம்புகளின் விஷம் அங்கிருந்துதான் போகிறது. விஷமுள்ள புனல்வலைச் சிலந்தி வீட்டுக்குள் வந்தால் ஜாடியில் பிடித்துக் கொண்டுவந்து கொடுங்கள் என்று பொதுமக்களையே கேட்பார்கள். அந்த ஊர்க் குழந்தைக்குக் கண்ணாடியைத் தட்டக் கூடாது என்பது, சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும் என்பதைப் போல ஒரு பாடம்.

"அப்பா, டெல் ஹிம் டு ஸ்டாப்" என்றாள். நான் சொன்னேனா? இல்லை. "பரவால்லண்ணே, போதும்" என்று இழுத்தேன். அவர் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு அடுத்த கூண்டுக்குப் போய் அங்கேயும் தட்டினார். 'கட்டுவிரியன், கொடிய விஷம்' என்று பலகை. உள்ளே ஒல்லியாக ஒன்று சுவரோரம் நெளிந்தது. மகள் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

பாம்புக்கு வெளியே தெரியும் காது கிடையாது. தாடையைத் தரையில் வைத்தபடி அதிர்வை எலும்பு வழியாகவே உள்காதுக்கு வாங்கிக்கொள்ளும் உயிர். அதன் வீட்டுச் சுவரில் இரும்பால் தட்டுவது, நம் தலையில் தகர டப்பாவைக் கவிழ்த்துக் கரண்டியால் அடிப்பதற்குச் சமம். இதையெல்லாம் அங்கே நின்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குப் பதில் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. இருபத்திரண்டு வருடம் வெளிநாட்டில் இருந்தும் போகாத பழக்கம். சில்லறை இல்லை, ஐநூறுதான் இருந்தது. நான் தயங்கியதைப் பார்த்து அவரே வழி சொன்னார்: "ஜிபே இருந்தாலும் பரவால்ல சார்."

என்னிடம் ஜிபே இல்லை. இந்திய எண் இல்லை, ஓடிபி வராது. அந்தக் காலத்தில் 'சில்லறை இல்லை' என்று கல்கோனா மிட்டாயைக் கையில் திணிப்பார்கள். இப்போது ரூபாய் நோட்டை நீட்டினால் அருங்காட்சியகப் பொருளைப் போலப் பார்க்கிறார்கள். கடைசியில் அவரே பக்கத்து ஐஸ்கிரீம் வண்டியில் மாற்றிக்கொண்டு வந்து, நூறு எடுத்துக்கொண்டு நானூறை என் கையில் எண்ணி வைத்தார். மகள் அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. பாம்பைத் தொந்தரவு செய்ததற்கு நான் கூலி கொடுத்தேனாம். மறுத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவளைச் சமாதானப்படுத்தத்தான் சென்னைப் பயணமே. நான் ஏழாம் வகுப்பில் பார்த்த கிண்டி பாம்புப் பூங்காவைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தச் சுற்றுலா உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்: இரவெல்லாம் பஸ், பொட்டலத்தில் எலுமிச்சை சாதம், மெரினா, மியூசியம், கிண்டி. பாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கியில் பேசிய ஒருவர் அன்று எனக்கு எம்.ஜி.ஆருக்கு மேல். பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் சேலையூரில் சின்னதாக ஆரம்பித்து, 1972-ல் கிண்டிக்குக் கொண்டுவந்த இடம் அது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

திங்கட்கிழமை கிளம்பினோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைதான் முதலில் என்று திட்டம்; சென்னையிலிருந்து நாற்பது கிலோமீட்டர். வாசலில் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. திங்கள் விடுமுறை. சரி, நாளைக்குக் கிண்டி என்று திரும்பினோம். செவ்வாய்க்கிழமை கிண்டியில் போய் நின்றால் அங்கே செவ்வாய் விடுமுறை. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. போனில் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிட்னியில் ஒரு ஹோட்டலுக்குப் போவதாக இருந்தாலும் மூன்று முறை நேரம் பார்க்கிற ஆள் நான். ஊர் மண்ணில் கால் வைத்ததும் 'நம்ம ஊருதானே' என்ற திமிர் வந்துவிடுகிறது. வண்டலூருக்குப் போகலாமா என்று கேட்டேன். அதற்கும் செவ்வாய் விடுமுறை என்று போனைப் பார்த்தபடியே சொன்னாள் மகள். அவள் அதற்குள் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை கிண்டி. என் ஞாபகத்தில் இருந்ததைவிடப் பாதி அளவுதான் இருந்தது. நான் வளர்ந்துவிட்டேன், அது வளரவில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பக்கம் பக்கமாகப் பார்க்க முடிவது பெரிய விஷயம். நம் நாட்டுப் பாம்புக்கடி மருந்து தயாராவது இந்த நான்கின் விஷத்துக்கு எதிராகத்தான். புட்டிகளில் பதப்படுத்தி வைத்திருக்கும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

ஆனால் போக வேண்டிய இடம் வடநெம்மேலிதான்.

முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே, தனிச் சீட்டு வாங்கிப் போக வேண்டிய இடம்: இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1978-ல் தொடங்கியது. அதற்கு முன் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து, அப்புறம் தோல் ஏற்றுமதியும் நின்றபோது, பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. பிடி, விஷத்தை எடு, திரும்பக் காட்டில் விடு என்று வழி மாறியது அப்படித்தான். இந்தச் சமூகத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஃப்ளோரிடாவில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேட அமெரிக்கர்கள் வரவழைத்ததும் இவர்களைத்தான்.

சோமர்ஸ்பியை மனதில் வைத்துக்கொண்டு போனால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். துருப்பிடிக்காத எஃகு மேசை இல்லை, குளிரூட்டி இல்லை. தாழ்வான சுவருக்குள் மணல் தரை. வரிசையாக மண்பானைகள், வாயில் வெள்ளைத் துணி, இறுக்கிக் கட்டிய கயிறு. எங்கள் வீட்டுப் பின்கட்டில் அம்மா புளி போட்டு வைக்கும் பானைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. "திஸ் இஸ் இட்?" என்று மகள் என்னைப் பார்த்தாள். எனக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒரு பானையின் கயிற்றை அவிழ்த்தார், அவசரமே இல்லை. வளைந்த கம்பியால் கண்ணாடி விரியனை வெளியே எடுத்து மணலில் விட்டார். அது சீறியது பாருங்கள், குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அதை நிறுத்தாமல் கேட்பது மாதிரி. சுற்றி நின்ற நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டோம். கழுத்துக்குப் பின்னால் பிடித்து, கண்ணாடிக் குவளையின் விளிம்பைக் கடிக்க வைத்தார். மஞ்சளாக இரண்டு சொட்டு உள்ளே வழிந்தது. அவ்வளவுதான். பாம்பு திரும்பப் பானைக்குள் போனது. துணி, கயிறு, முடிச்சு. முழு வேலையிலும் அவர் பாம்பைச் சீண்டி ஒரு தடவைகூட வேடிக்கை காட்டவில்லை. அது சீறும்போது நிறுத்திக்கொண்டார், அடங்கியதும் தொடர்ந்தார்.

ஒரு பாம்பு நான்கு வாரத்துக்கு மேல் இங்கே இருக்காது. அதற்குள் நான்கு முறை விஷம் எடுப்பார்கள். அதே பாம்பைச் சீக்கிரமே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க, வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாள வெட்டு. சில முறை சட்டை உரித்தால் அது மறைந்துவிடும். காங்கிரீட் தொட்டி, ஆய்வகம் என்று எது இருந்தாலும் நான் நினைப்பது இதுதான்: பிடித்துவந்த பாம்புக்குப் பானையைவிடக் குளிர்ச்சியான, இருட்டான இடம் யாராலும் கட்டித்தர முடியாது. (போன மாதம் நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன்.)

கூட்டம் கலைந்ததும் மகள் போனை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். தட்டப்பட்ட அந்தக் 'கட்டுவிரியன்' படம். என்னை மொழிபெயர்க்கச் சொன்னாள்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "யாரு சார் இதைக் கட்டுவிரியன்னு சொன்னது?"

"போர்டுல போட்டிருந்துச்சுண்ணே."

"போர்டுக்கு என்ன தெரியும்? பாப்பா, இங்க பாரு. கழுத்துகிட்ட வெள்ளைக் கட்டு பளிச்சுனு இருக்குதா? வாலுக்குப் போகப் போக மங்குது. கட்டுவிரியனுக்கு அப்படியே மாத்தி. தலைப் பக்கம் கட்டு தெரியாது, வால் பக்கம்தான் தெளிவா இருக்கும். முதுகு நடுச் செதிலும் பெருசா இருக்கும். இது கடிச்சா ஒண்ணும் ஆகாது."

ஓநாய்ப் பாம்பு. விஷமே இல்லாத ஒன்றுக்குக் கொடிய விஷம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்; அதைத் தட்டிக் காட்ட நூறு ரூபாயும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மகள் சிரித்த சிரிப்பில் அந்த ஒரு வாரக் கோபம் போனது.

அப்புறம் அவர் கேட்டார், "உங்க ஊருல பாம்பை யாரு பிடிப்பாங்க?" மகள் சொன்னாள்: போன் பண்ணினால் உரிமம் பெற்ற ஆள் வருவார். "அவரு தடம் பார்த்துச் சொல்லுவாரா, உள்ள போயிருக்கா வெளிய வந்திருக்கான்னு?" நான் மொழிபெயர்த்தேன். மகளுக்குப் பதில் தெரியவில்லை. அவர் மணலில் பாம்பு போன தடத்தைக் காட்டினார்; எந்தப் பக்கம் மண் தள்ளியிருக்கிறது பார், அதற்கு எதிர்ப்பக்கம்தான் போயிருக்கிறது என்றார். எனக்குக் கோடு மட்டும்தான் தெரிந்தது. மகளுக்குத் தெரிந்ததாம்.

கிளம்பும்போது அவர் சொன்னது ஒன்றுதான். கட்டுவிரியன் ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்தது பல பேருக்குத் தெரியவே தெரியாது. கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் பன்னிரண்டு லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு; ஆண்டுக்குச் சராசரி 58,000. அத்தனை கொடிய பாம்புகள் உள்ள ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேர். பாம்பின் விஷத்தில் இல்லை வித்தியாசம். வெறுங்காலில், இருட்டில், வயல் வரப்பில் நடப்பவர் யார் என்பதில் இருக்கிறது.

போகிறவர்களுக்கு: பாங்காக் வழியாக விமானம் என்றால், அங்கே தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் பாம்புப் பண்ணைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 1923-லிருந்து நடக்கிறது. இருக்கையில் உட்கார்ந்து பார்க்கலாம், ராஜநாகத்தையும் பார்க்கலாம். வடநெம்மேலியில் காட்சி நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். திங்களும் செவ்வாயும் கடற்கரைக்குப் போங்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்று இரவு, மகள் தன் சேமிப்பில் கடைத்தெருவில் வாங்கிய டார்ச்சை அப்பாயி கையில் கொடுத்தாள். இனிமேல் கொல்லைக்குப் போனால் இது இல்லாமல் போகக் கூடாது என்று அவளுடைய தமிழில் பாடம் எடுத்தாள். "அறுவது வருஷமா இருட்டுலதான்டி போறேன்" என்று சொன்னாலும் அம்மா வாங்கிக்கொண்டார்.

பத்து மணிக்குப் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கும்மிருட்டு. அம்மா டார்ச்சைப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

"ஏம்மா, போடலையா?"

"செல்லு தீர்ந்துடும்டா."