வண்டுக்கு ஒரு முகவரி: லிப்ரே ஆபிஸில் லேபிள் அச்சிட்ட அனுபவம்

எங்கள் கல்லூரி விலங்கியல் துறையின் பழைய பூச்சிப் பெட்டிகளில் அழகழகான வண்டுகள் இருக்கின்றன. பாதி ஊசிகளில் லேபிள் இல்லை. எங்கே, என்றைக்குப் பிடித்தது என்று தெரியாத வண்டை வைத்து எந்த ஆய்வும் செய்ய முடியாது. பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். என் ஏற்காட்டுச் சேகரிப்புக்கு அந்தக் கதி வரக்கூடாது என்றுதான் லிப்ரே ஆபிஸுக்கு வந்தேன். இலவச மென்பொருள். மூன்று ஆண்டுகளாக இதில்தான் லேபிள் அச்சிடுகிறேன்.

இடம், ஆள்கூறு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்), உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாவற்றையும் லிப்ரே ஆபிஸின் அட்டவணைச் செயலியான கால்க்கில் நிரப்புகிறேன். அதன் எழுத்துச் செயலியான ரைட்டரில் லேபிள் தாளைத் திறந்து 18 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம் என்று கொடுத்தால், 4 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்தில் நான்கு வரி அடங்குகிறது. முதல் லேபிளில் ஒரு திருத்தம் செய்து பொத்தானை அழுத்தினால் தாள் முழுவதும் மாறிவிடுகிறது. கையால் எழுதிய நாட்களில் ஒரு மாலை முழுக்கப் பிடித்த வேலை இப்போது அரை மணி நேரத்தில் முடிகிறது.

ஒரு குறையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அட்சரேகையை 11.7750 என்று தட்டினால் கால்க் கடைசிச் சுழியத்தை விழுங்கி 11.775 ஆக்கிவிடுகிறது. நான்கு தசம இடம் என்றால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம். மூன்று என்றால் 110 மீட்டர். ஓடைக்கரையில் பிடித்த வண்டு காப்பித் தோட்டத்துக்குள் போய்விடும்! அறுபது லேபிளை வெட்டி ஊசியில் கோத்த பிறகு, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. அத்தனையையும் கழற்றினேன். தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘உரை’ வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அமிலமற்ற தடித்த தாளையும் லேசர் அச்சையும் பயன்படுத்துங்கள். கோப்பை பி.டி.எஃப். ஆக்கி ‘உண்மை அளவு’ என்று சொல்லி அச்சிட வேண்டும். ஒரு கடையில் பக்கத்துக்குப் பொருத்தி அச்சிட்டதில் எழுத்தெல்லாம் சுருங்கிப்போயிற்று.

ஊசியில் குத்திய உலர்ந்த பூச்சிகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சாராயக் குப்பியில் வைக்கும் புழுக்களுக்கு வேண்டாம். லேசர் மை நாளடைவில் தாளைவிட்டு உரிந்துவிடுகிறது. அவற்றுக்கு இன்றும் கூர்சீவிய பென்சிலால்தான் எழுதி உள்ளே போடுகிறேன்.