பிள்ளையின் விண்ணப்பத்தில் அடுத்தவருடைய மின்னஞ்சலைப் போட விடாதீர்கள்

எங்கள் தங்கச்சி பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்துக்குத் தெரிவானபோது, மகாபொலப் புலமைப்பரிசிலும் தங்குமிடமும் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் எங்கள் வீட்டார் 45,000 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தார்கள். பணம் போனதைவிட, அவளுக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டிய விடுதி அறை ஏழு மாதம் தள்ளிப்போனதுதான் எங்களுக்குப் பெரிய இழப்பு. விடயம் இன்னும் மத்தியஸ்த சபையில் இருப்பதால் அந்த ஆளின் பெயரையோ அவருடைய நிலையத்தின் பெயரையோ இங்கே எழுதவில்லை. ஆனால் அவர் எப்படி வேலை செய்தார் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நாங்கள் நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர்கள். எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் பிள்ளை தங்கச்சிதான். 2023ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2024 ஜனவரியில் நடந்து, பெறுபேறு மே மாத இறுதியில் வந்தது. அந்த நேரத்தில் நான் கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பல்கலைக்கழக விண்ணப்பத்தை இணையத்தில்தான் நிரப்ப வேண்டும் என்றதும், டவுனில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் 'கல்வி வழிகாட்டல்' என்று பலகை போட்டிருந்த ஒருவரிடம் அப்பா அவளைக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் எங்களுடைய ஆள், தமிழர், தோட்டத்தில் பிறந்து படித்தவர், கூட்டங்களில் பேசுகிறவர். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்று "வாங்க ஐயா, உட்காருங்க" என்றாராம். தோட்டத்து ஆபீசில் நாற்பது வருடமாக நின்றுகொண்டே பேசிப் பழகிய மனிதருக்கு ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் நிரப்ப 1,500 ரூபாய் வாங்கினார். அதைக் குறை சொல்ல மாட்டேன். வேலை செய்தார், கூலி வாங்கினார். ஆனால் விண்ணப்பத்தில் மின்னஞ்சல் முகவரி கேட்ட இடத்தில், தங்கச்சிக்கு மின்னஞ்சல் இல்லை என்று சொல்லி, தன்னுடைய முகவரியைப் போட்டார். தொலைபேசி எண் கேட்ட இடத்திலும் தன்னுடைய எண்ணையே போட்டார். "தோட்டத்துல சிக்னல் கிடைக்காது, செய்தி வந்தா நான் உடனே சொல்லிடுறேன்" என்று அதற்குக் காரணமும் சொன்னார். கடவுச்சொல்லை அவருடைய கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் எழுதிக்கொண்டார் என்று தங்கச்சி பிறகு சொன்னாள். அந்தப் பதினைந்து நிமிடத்தில், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கும் அதன் பிறகு பல்கலைக்கழகத்துக்கும் எங்கள் தங்கச்சி என்றால் அந்த மேல்மாடி ஆள்தான் என்று ஆகிவிட்டது.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதும் அவரே வீட்டுக்கு அழைப்பெடுத்து வாழ்த்துச் சொன்னார். அடுத்த வாக்கியத்திலேயே ஒரு பயத்தையும் போட்டார். தங்கச்சி பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் தெரிவாகியிருப்பதாகவும், அப்படிப் போகிற பிள்ளைகளுக்கு விடுதி கிடையாது என்றும், மகாபொலவும் அவர்களுக்குக் கடைசியாகத்தான் வரும் என்றும் சொன்னார். இதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. கலைத்துறை தவிர்ந்த துறைகளில் அனுமதி 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கென்றும் பிரிக்கப்படுகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும். கலைத்துறைக்கோ பெரும்பாலும் அகில இலங்கைத் திறமையே அளவுகோல். ஆகவே அவள் எந்த ஒதுக்கீட்டிலும் போகவில்லை. அப்படியே போயிருந்தாலும், எந்த வழியாக உள்ளே வந்தாய் என்று பார்த்து விடுதி கொடுப்பதில்லை; வீடு எவ்வளவு தூரம், வீட்டு வருமானம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் மாணவர் கைந்நூலில் அனுமதி விதிகள் முழுவதும் தமிழிலேயே இருக்கின்றன. அதை எங்கள் வீட்டில் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை, நான் உட்பட.

அவர் கேட்டது இது: மகாபொலக் கோப்பை 'முன்னுக்குத் தள்ள' 15,000, பேனிதெனியப் பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் மட்டும் தங்கும் போடிங் அறைக்கு இரண்டு மாத வாடகை 18,000, அறைக்கான முற்பணமாகச் சாவிப் பணம் 12,000. அம்மாவின் தோட்டை அடகு வைத்தார்கள், சீட்டை முன்கூட்டியே தள்ளி எடுத்தார்கள், மிச்சத்தை நான் அனுப்பினேன். அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. அந்தக் கணக்கில் 45,000 என்பது அம்மா கொழுந்து பறித்து, நிறை குறையாமல் முழுப் பெயர், அதாவது முழு நாட்கூலி, விழும் முப்பத்துமூன்று நாட்களின் உழைப்பு. அட்டை கடித்த கால்களோடு சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணத்துக்குப் பற்றுச்சீட்டு கொடுத்தார். கோடு போட்ட அரைத்தாளில், நீல மையில், கீழே இறப்பர் முத்திரையோடு. முழுக்கச் சிங்களத்தில் எழுதியிருந்தது. "ஆபீஸ் வேலைக்கு இப்படித்தான் எழுதணும்" என்றாராம். அப்பாவுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தாளை நான்காக மடித்து பிஸ்கட் டின்னில் வைத்துவிட்டார். பல மாதம் கழித்து, தங்கச்சியோடு படிக்கும் குருநாகல் பிள்ளை ஒருத்தி அதை வாசித்துவிட்டு, "ஏன் இவ்வளவு காசை இவருக்குப் பரித்தியாகம் பண்ணினீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள். பணம் வாங்கிய காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியிருந்த சொல் அதுதான். பரித்தியாகம் என்றால் நன்கொடை. வாடகை, முற்பணம், மகாபொல என்ற எதுவும் அந்தத் தாளில் இல்லை. 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாகிவிட்ட நாட்டில், ஒரு தமிழர் இன்னொரு தமிழருக்கு வாசிக்க முடியாத மொழியில் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்ததை நினைக்கும்போது எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு பேருக்கென்று சொன்ன அறையைப் பலகையால் இரண்டாகத் தடுத்து நான்கு பிள்ளைகளை வைத்திருந்தார்கள். தங்கச்சியின் பக்கத்தில் ஜன்னல் இல்லை. மின்சாரத்துக்குத் தனியாக வாங்கினார்கள். மாலை ஆறரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவதால் நூலகத்தில் இருந்து படிக்க வழியில்லை. முதல் மாத முடிவில் வீட்டுக்கார அம்மா வாடகை கேட்டபோதுதான், நாங்கள் அறைக்கென்று கொடுத்த 30,000இல் அந்த அம்மாவின் கைக்குப் போனது 9,000 மட்டும் என்று தெரிந்தது. சாவிப் பணம் என்ற ஒன்றை அவர் கேட்கவே இல்லையாம். அந்த அம்மாவையும் நான் முழுதாக நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் அவர் வாங்கியதற்கு வாங்கினேன் என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டாவது வாரத்திலேயே தங்கச்சிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அவளுடைய பாடசாலையிலேயே படித்த, அதே மாவட்டத்து, அதே பீடத்துப் பிள்ளை ஒருத்தி விடுதியில் இருந்தாள். பேராதனையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கும் வழமையாக விடுதி கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில்தான் வெளியில் அறை தேட நேரிடும். ஆண்டு முழுவதற்குமான விடுதிக் கட்டணம் வெளியில் ஒரு மாத வாடகைக்குக்கூட எட்டாது. "நீ ஏன் ஃபோம் போடவில்லை?" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது, எந்த ஃபோம் என்று தங்கச்சிக்குத் தெரியவில்லை. பதிவு பற்றிய அறிவித்தலோடு விடுதி விண்ணப்பமும் முடிவுத் திகதியும் மின்னஞ்சலில் வந்திருக்கின்றன. வந்த இடம் மேல்மாடி. அவர் பதிவு வேலையை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டு, விடுதி விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டார். அவள் விடுதிக்குப் போயிருந்தால் அவர் அறையை யாருக்கு விற்பார்?

கேட்டதற்கு, மின்னஞ்சல் நிறைந்துவிட்டது, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை. கடைசியில் தங்கச்சியே கடிதம் எழுதி, தேசிய அடையாள அட்டைப் பிரதியோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரில் புதிய மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் பதிந்துகொண்டாள். அங்கே இருந்த உத்தியோகத்தர் திட்டவில்லை. "இந்த வருடம் நீ மூன்றாவது ஆள்" என்றாராம். பிந்திய விண்ணப்பம் என்பதால் காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். அறை கிடைத்தபோது ஏழு மாதம் கழிந்துவிட்டது.

மகாபொல அதற்கிடையில் வந்துவிட்டது, யாரும் தள்ளாமலே. 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிதியம் அது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்து மாணவரின் வங்கிக் கணக்குக்கே பணம் அனுப்புகிறார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பர்சரி என்ற உதவித்தொகை இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்த மகாபொலவை 5,000இலிருந்து 7,500ஆகவும், பர்சரியை 4,000இலிருந்து 6,500ஆகவும் உயர்த்தினார்கள். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று இந்திய உயர்ஸ்தானிகராலயத்தினூடாக வழங்கப்படும் புலமைப்பரிசிலும் உண்டு. கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். இவற்றில் எதற்கும் தரகர் தேவையில்லை. கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தும் வருமானச் சான்றைச் சரியாக எடுத்துக் கொடுத்தால் போதும். மகாபொலவுக்கு அபிவிருத்தி லொத்தர் சபையின் வருமானத்திலும் ஒரு பகுதி போகிறது என்று கேட்டதும், இத்தனை வருடம் வாங்கிய சீட்டில் இப்போதுதான் பரிசு விழுந்திருக்கிறது என்று அப்பா சிரித்தார். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

மகாபொலவின் முதல் தவணை பிந்தித்தான் வரும், சில மாதங்கள்கூட ஆகலாம். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பது. ஆனால் அந்தப் பிந்தல்தான் இப்படிப்பட்டவர்களுக்கு மூலதனம். வராத மாதங்களில் "கோப்பு நகருது, பொறுங்க" என்பார்கள். வந்த நாளில் "பார்த்தீங்களா, எடுத்துக் கொடுத்துட்டேன்" என்பார்கள். எங்கள் ஆள் அதோடு நிற்காமல், முதல் தவணை தனக்குத் தருவதாகப் பேச்சு என்று அப்பாவுக்கு அழைப்பெடுத்தார். அன்றைக்குத்தான் அப்பா முதல் தடவையாகக் கோபப்பட்டு எனக்கு எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை, பிள்ளையின் இடத்துக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து மூடி மறைத்திருந்தார்கள்.

பொலிஸில் முறைப்பாட்டைப் பதிந்தார்கள், ஆனால் பற்றுச்சீட்டில் நன்கொடை என்று இருப்பதால் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொன்னார்கள். சபையில் வீட்டுக்கார அம்மா தமிழில் எழுதிக் கொடுத்த தாள்தான் எங்களுக்குக் கை கொடுத்தது. 9,000 வாடகைக்கென்று போனது உறுதியானதும், மீதி நன்கொடை என்ற கதை நிற்கவில்லை. 25,000 ரூபாயை ஐந்து தவணையில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். இதுவரை இரண்டு தவணை வந்திருக்கிறது. மூன்றாவதுக்கு அவர் வரவில்லை.

தெரியாத விடயத்துக்கு ஆளைப் பிடிப்பதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அப்பாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் நிரப்பிக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் மின்னஞ்சலும் எண்ணும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும், கடவுச்சொல்லைப் பிள்ளையே தட்டட்டும். ஒதுக்கீடு, விடுதி, மகாபொல என்று யாராவது பயமுறுத்தினால் பணத்தை எடுப்பதற்கு முன் அரச தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்துத் தமிழிலேயே கேளுங்கள், அல்லது ஏற்கெனவே உள்ளே படிக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவரிடம் கேளுங்கள். பற்றுச்சீட்டை வாசிக்க முடியாவிட்டால், வாசிக்கத் தெரிந்த ஒருவர் பார்க்கும்வரை காசைக் கையிலேயே வைத்திருங்கள்.

போன வாரம் லீவில் ஊருக்குப் போனபோது அந்த மருந்துக் கடையைக் கடந்து நடந்தேன். மேல்மாடியில் பலகை மாறியிருக்கிறது, புதுப் பெயர், புது நிறம். படிக்கட்டில் கையில் பைலோடு ஒரு அம்மாவும் பெண் பிள்ளையும் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நிறுத்தி, கீழே தேநீர்க் கடைக்குக் கூட்டிப் போய், அந்தப் பிள்ளையின் கைப்பேசியிலேயே அவளுக்கு ஒரு மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்தேன்.